ஜெபக்கனியின் குரல் தங்கிய வீடுகள்

சிப்பிப்பொட்டலில் நர்ஸ் ஜெபக்கனியின் குரல் முதன்முதலாக ஒரு வீட்டில் தங்கிப்போனது ஓர் ஐப்பசி மாதத்தில், அளத்துக்காரர்கள் வாரிக் குவித்த உப்பையெல்லாம் பனையோலை போட்டு மூடிவிட்டு மழைக்குக் காத்துக்கொண்டிருந்த நாட்களில். பேச்சித்தாய் என்ற ஐந்து மாதக் கர்ப்பிணி காலையில் அடுப்பில் டீயைக் கொதிக்கவிட்டு, சத்து மாத்திரை அட்டையைக் கிழித்து ஒன்றை உள்ளங்கையில் தட்டியபோது, தண்ணீர்க்குடம் வைத்திருந்த மூலையிலிருந்து, "ஏ பிள்ள, மாத்திரைய டீயோட போடாத. டீ இரும்பைத் தின்னுரும். எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு. வெளிக்குக் கருப்பாப் போனா பயப்படாத, அது மாத்திரையோட நெறம்" என்று ஜெபக்கனி சொன்னாள். பேச்சித்தாய் திரும்பிப் பார்க்காமலே "சரிக்கா" என்று சொல்லி, டீயை இறக்கி வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை அரிந்து பிழிந்து, மாத்திரையை விழுங்கிய பிறகுதான் நர்சக்கா நேற்று மத்தியானமே மொபெட்டில் ஏறிப் போய்விட்டாள் என்பது நினைவுக்கு வந்தது. வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள், திரும்பி வந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள், தம்ளரில் மிச்சம் இருந்த எலுமிச்சைத் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.

கார்த்திகை பிறப்பதற்குள் இருபத்து மூன்று வீடுகளில் அந்தக் குரல் இருந்தது. எந்த வீட்டில் ஜெபக்கனி எதைச் சொன்னாளோ அந்த வீட்டில் அதை மட்டும் சொன்னது. தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் சொன்னது. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அன்றைக்கு அவள் இடையில் இருமியிருந்தால் அந்த இருமலையும் சேர்த்துச் சொன்னது. கேள்வி கேட்டால் அதற்குப் பதில் வராது. அழுதால் ஆறுதல் வராது. பிள்ளைக்குத் தொப்புள்கொடியில் சாம்பல் வைக்கப் போனால், "அதுல ஒண்ணும் வைக்காத, காயவிடு, தானா விழும்" என்று வரும். முதலில் சுரக்கும் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கீழே விடப் போனால், "அது சீம்பாலு, அதுதான் பிள்ளைக்கு மொத மருந்து" என்று வரும்.

ஊர் இதற்குப் பழக மூன்று வாரம்கூட ஆகவில்லை. மின்வாரியத்துக்காரர் ஒருவர் எங்கேயாவது கம்பி மாறி வானொலி கேட்கிறதா என்று பார்க்க வந்தார். சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் தொட்டிலில் கிடந்த பிள்ளையைக் கொஞ்சலாமே என்று குனிந்தபோது, "கையக் கழுவிட்டுத் தூக்கு" என்று சுவர் சொல்ல, அவர் கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து தூக்கினார். அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெண் வீட்டார், "உங்க வீட்ல நர்ஸ் குரல் இருக்கா?" என்று விசாரித்தார்கள். வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் குரல் வரும் சுவரை மட்டும் விட்டுவைத்து மற்ற மூன்று சுவர்களைப் புதிதாக எழுப்பினார்கள். மாசமாய் இருந்த பெண்டாட்டியின் பக்கத்தில் பீடி குடித்து ஒருமுறை ஜெபக்கனியிடம் திட்டு வாங்கிய ஒரு மனிதர், பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், தீப்பெட்டியை உரசினாலே அதே திட்டு விழுந்ததால், நான்கு வருஷமாகத் தெருவில் நின்றே பீடி குடித்தார். விருந்தாளிகள் கேட்டால் வெளியே காற்று நன்றாக இருக்கிறது என்பார்.

மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இரண்டு வீடுகளில் உட்கார்ந்து கேட்டார். பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் 'சுகாதாரக் கல்வி' என்ற கட்டத்தில் 'தொடர்ந்து நடைபெறுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜெபக்கனிக்கு மட்டும் இது கூச்சமாகவே இருந்தது. நாற்பத்திரண்டு வயது, கொஞ்சம் கட்டைக் குரல், பேச்சில் நாசரேத்துப் பக்கத்து இழுப்பு. ஒரு வீட்டுக்குள் அவள் நுழையும்போது அந்த வீடு அவளைப் போலவே பேசிக்கொண்டிருந்தால், தன் பழைய புகைப்படத்தைப் பிறர் கையில் பார்த்தவள் போலச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஆனால் அந்தக் கூச்சத்துக்குள் ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. தான் சொல்வது போகாது, இருக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு, அவள் ஒரு வீட்டுக்குப் போகுமுன் உப்புக்குவியலின் நிழலில் மொபெட்டை நிறுத்தி, பயிற்சிக் காலத்து நோட்டைப் புரட்டி, மருந்தின் அளவையும் நாளையும் உதடு அசையப் படித்துவிட்டுத்தான் போவாள். பிள்ளையின் எடையைப் போட்டுப் பார்க்காமல் காய்ச்சல் மருந்தின் அளவு சொல்ல மாட்டாள். வயிற்றில் கை வைத்துப் பார்க்காமல் மாதம் சொல்ல மாட்டாள். இரத்த அழுத்தம் பார்க்கும்போது யார் பேசினாலும் காதில் வாங்க மாட்டாள். சிப்பிப்பொட்டலின் ஏழு குக்கிராமங்களிலும் பிரசவத்தில் ஒரு தாய்கூடச் சாகாமல் நான்கு வருஷம் போயிற்று. ஊர் அதற்குக் குரலைக் காரணம் சொன்னது. குரலுக்குப் பின்னால் இருந்த நோட்டை யாரும் பார்க்கவில்லை.

அந்தக் குரலை உலகம்மாள் நம்பியதுபோல் வேறு யாரும் நம்பியதில்லை. உப்பளத்தில் வரப்பு மிதிக்கும் முப்பது வயதுக்காரி. கணவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் தம்பி இசக்கிராஜாவின் வீட்டை ஒட்டி ஒற்றை அறையில் குடியிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓடை உடைத்துப் பாதையெல்லாம் தண்ணீராய்க் கிடந்த ஒரு மழைநாளில், வண்டி வருவதற்கு முன்பே அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்தது, பாய்க்குக் கீழே தரை நனைந்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது சுவர் பேசியது: "பிள்ளைய மார்ல போடு. அடிவயித்துல கைய வச்சுத் தேய். கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் தேய். நிறுத்தாத." எட்டாம் மாதம் ஜெபக்கனி உட்கார்ந்து, அவள் வயிற்றில் கையை வைத்து, இடத்தைக் காட்டிச் சொன்னது. உலகம்மாள் பிள்ளையை மார்பில் போட்டாள், தேய்த்தாள், நிறுத்தவில்லை. தண்ணீரில் தட்டுத்தடுமாறி வண்டி வந்து சேர்ந்தபோது அவள் வெளுத்துப்போய், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு அவள் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை பூப்போட்டாள். "சுவத்துக்குப் பொட்டு வைக்கதுக்குப் பதிலா நீ வந்து ரத்தம் குத்திப் பாரு, உலகம்மா. ரத்த அளவு இன்னும் எட்டுலதான் நிக்கி" என்று ஜெபக்கனி கடிந்துகொள்வாள். உலகம்மாள் சிரிப்பாள், இரத்தமும் குத்திப் பார்ப்பாள், பூவும் போடுவாள்.

இசக்கிராஜாவுக்குக் கல்யாணமாகி, அவன் மனைவி சந்தனமாரி உண்டானாள். இருபத்திரண்டு வயது, அதிர்ந்து பேசாதவள், வலித்தாலும் இரண்டாம் தடவை சொல்லத் தயங்குகிறவள். ஆறு மாதம் வரைக்கும் அளத்துக்குப் போனாள். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரை நாளில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில் உப்புப் பாத்திகளெல்லாம் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தபோது, ஜெபக்கனி அவள் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அது பத்தொன்பதாவது வீடு. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ரப்பர்க் குழாய் வெடித்து, பழுது பார்க்கப் போயிருந்தது. எடை பார்த்தாள், மாத்திரை கொடுத்தாள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்துவிட்டாள். அப்போதுதான் சந்தனமாரி, "தலைதான் ஒரு மாதிரி வலிக்கிக்கா" என்றாள்.

போன மாதம் அழுத்தம் சரியாக இருந்தது. வெயிலோ அப்படி. ஜெபக்கனிக்கே தலை வலித்தது. "வெயில்தான் பிள்ள. மோரக் குடிச்சிட்டுப் படு, சரியாப் போவும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, தாடையில் ஹெல்மெட் வாரை 'டக்' என்று மாட்டினாள். வியாழக்கிழமை கருவியோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மனதில் நினைத்தாள். வியாழக்கிழமை ஒரு வீட்டில் பிரசவ வலி. அடுத்த வாரம் சொட்டு மருந்து முகாம். அதற்கடுத்த வாரம் கூட்டம். பத்தொன்பது நாள் போய்விட்டது.

இருபதாம் நாள் காலையில் உலகம்மாள் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். சந்தனமாரிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளை மறுநாள் வளைகாப்பு, நீங்களும் வரணும் என்று சொன்னாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"அவ வரலியா?" என்று ஜெபக்கனி அட்டைகளை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"படுத்திருக்கா. தலைவலி. அதான் உங்க குரல் இருக்கே நர்சக்கா, அவ தலைன்னு வாயெடுத்தாப் போதும், 'வெயில்தான் பிள்ள, மோரக் குடிச்சிட்டுப் படு'ன்னு சொல்லிருது. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ சொல்லுது. அவளும் மோரக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுதா."

ஜெபக்கனி அட்டை எண்ணுவதை நிறுத்தினாள். "எத்தனை நாளா?"

"நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து."

"மொகம் வீங்கியிருக்கா?"

"மாசமானா வீங்கத்தானே செய்யும்? கை நல்லா உப்பிருச்சு. வளையலே ஏறல, பெரிய அளவா வாங்கணும்னு சொல்லிட்டிருந்தேன்."

"கண்ணு?"

"கண்ணு முன்னால பூச்சி பறக்குன்னா. அதுவும் வெயில்னு நான்தான்..."

ஜெபக்கனி எழுந்துவிட்டாள். கருவியை எடுத்தாள், சிறுநீர்ச் சோதனைப் பட்டையை எடுத்தாள், அலமாரியைத் திறந்து வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் குப்பிகள் பத்தை எண்ணி, அதன் முறிமருந்துக் குப்பி ஒன்றையும் சேர்த்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். உலகம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அளத்து வரப்புப் பாதையில் மொபெட்டை விரட்டினாள். வழியெல்லாம் அவள் காதில் தன் குரலே கேட்டுக்கொண்டிருந்தது. அது மாயக்குரல் இல்லை, மனசாட்சி மட்டும்தான். அதைத் தடுக்கவும் அவளால் முடியவில்லை.

சந்தனமாரி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் ஊதிக் கண் இடுங்கியிருந்தது. ஜெபக்கனி பிரஷர் கருவியின் பட்டையை அவள் கையில் சுற்றினாள். நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்றுப் பதினான்கு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள், அதேதான். சிறுநீர்ப் பட்டை கரும்பச்சையாக மாறியது, சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நின்று நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"இசக்கிராஜா, வண்டி வருது. இவளப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். இப்பவே. பிரஷர் தலைக்கு ஏறி நிக்கி. விட்டா வலிப்பு வந்துரும். தாயும் போயிரும், பிள்ளையும் போயிரும்."

இசக்கிராஜா வாசலில் வளைகாப்புக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தவன். கடப்பாரையோடு உள்ளே வந்து நின்றான். சந்தனமாரி எழுந்து உட்கார முயன்று, "தலைதான்க்கா வலிக்கி, வேற ஒண்ணுமில்ல" என்று முனகினாள்.

"வெயில்தான் பிள்ள. மோரக் குடிச்சிட்டுப் படு, சரியாப் போவும்" என்றது கதவு நிலைக்கு மேலே ஜெபக்கனியின் குரல், சிரித்துக்கொண்டு, கடைசியில் ஹெல்மெட் வார் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும் சத்தத்தோடு.

இசக்கிராஜா நிலையைப் பார்த்தான், ஜெபக்கனியைப் பார்த்தான். "நர்சக்கா, நீங்கதான சொல்லுதீங்க?"

"நான்தான். அது அன்னைக்குச் சொன்னது. இன்னைக்கு நான் மெஷின் வச்சுப் பாத்துட்டேன்."

"அன்னைக்குச் சொன்னது மாறுமா?" என்றாள் உலகம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நாலு வருஷமா இந்த ஊர்ல அது சொன்னது ஒண்ணுகூடப் பொய்யானதில்ல. எனக்கு உசிரு குடுத்த குரலு அது. நீங்க வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்திருக்கீங்க, பதட்டத்துல ஏதோ நெனைக்கீங்க. அது நிதானமாச் சொல்லுது பாருங்க. நாளைக் கழிச்சு வளைகாப்பு. அதுக்கு முன்னால வயித்தக் கீறிட்டாங்கன்னா?"

ஜெபக்கனி எண்களைச் சொன்னாள். சிறுநீர்ப் பட்டையின் நிறத்தைக் காட்டினாள். வீங்கிய காலில் விரலை அழுத்தி, குழி விழுந்து நிற்பதைக் காட்டினாள். இடையில் எவர் வாயிலிருந்து தலைவலி என்ற சொல் வந்தாலும், மேலேயிருந்து அந்தச் சிரித்த குரல் குறுக்கே விழுந்தது. அவள் பேசப் பேச அவளையே அவள் மறித்தாள். உலகம்மாளின் கண் ஒவ்வொரு தடவையும் மேலே போயிற்று, கும்பிடப் போகிற மாதிரி.

பிறகு ஜெபக்கனி விளக்குவதை நிறுத்தினாள். பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தனமாரியின் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது நான் சொன்னது," என்றாள். "நான் சொன்னது தப்பு. அன்னைக்கு மெஷின் இல்ல. நான் பாக்கல. பாக்காமலே சொல்லிட்டேன். மாசமா இருக்கவ தலை வலிக்குன்னா, வெயில்னு சொல்லக் கூடாது, பிரஷர் பாக்கணும். மொகம் வீங்குனா பாக்கணும், கண்ணு மங்குனா பாக்கணும், மேவயிறு வலிச்சாப் பாக்கணும். வியாழக்கெழம வாரேன்னு நெனச்சேன், அதுவும் வரல. தப்பு என்னோடது. நீ சொன்னது சரி, சந்தனமாரி. நான் கேக்கல."

இந்தத் தடவை நிலைக்கு மேலேயிருந்து குரல் குறுக்கே விழவில்லை. இசக்கிராஜா கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

உலகம்மாள் தன் வீட்டுச் சுவர் இருக்கும் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "அப்ப எங்க வீட்ல சொன்னது?" என்று கேட்டாள். அந்தப் பதிலில் அவளுடைய மூன்று வருஷமும், மஞ்சளும், பூவும் இருந்தன.

"அது சரி."

"எப்படித் தெரியும்?"

"உன் வயித்துல கைய வச்சுப் பாத்துட்டுச் சொன்னேன். இவளப் பாக்காமச் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

உலகம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "ராஜா, போயி ரோட்டுல நில்லு. வண்டிக்கு வழி காட்டு" என்றாள். அவன் ஓடினான்.

அவன் வாசல் தாண்டியிருக்க மாட்டான், சந்தனமாரி "மதினி, எல்லாம் வெள்ளையாத் தெரியி" என்றாள். அவள் கண்மணி ஒரு பக்கமாக இழுத்தது. கை விறைத்தது, தாடை கிட்டித்தது, உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. உலகம்மாள் அலறிக்கொண்டு கடப்பாரையை எடுக்க ஓடினாள். வலிப்புக்கு இரும்பு பிடித்தால் நிற்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"இரும்பு வேண்டாம். தலையணையக் கொண்டா. வாயில எதையும் வைக்காத, கையப் பிடிச்சு அமுக்காத" என்றாள் ஜெபக்கனி. சத்தம் போடவில்லை. சந்தனமாரியை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள், எச்சிலும் நுரையும் வெளியே வடியும்படி முகத்தைச் சாய்த்தாள், தலைக்குக் கீழே தலையணையைத் தள்ளினாள், அடுப்புக்கட்டியைக் காலால் எட்டித் தள்ளினாள். இழுப்பு ஒரு நிமிஷத்துக்கு மேல் இருந்தது. அது ஓயும் வரை காத்திருந்து, வாயைத் துடைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பிறகு குப்பிகளின் கழுத்தை ஒவ்வொன்றாக ஒடித்தாள். ஐந்து குப்பி ஒரு ஊசியில், ஐந்து குப்பி இன்னொன்றில். ஒரு பக்கப் புட்டத்தில் ஆழமாக ஒன்று, மறுபக்கத்தில் ஒன்று. எத்தனையோ தடவை நோட்டில் படித்தது, பயிற்சியில் பொம்மையின் மேல் செய்தது. இந்த ஊரில் யாருக்கும் போட வேண்டி வந்ததில்லை. மயக்கத்திலும் சந்தனமாரி முனகியபோது, "உடம்பெல்லாம் சூடாப் பரவும் தாயி. அது மருந்து. பயப்படாத" என்றாள்.

வண்டி வந்தது. ஜெபக்கனியும் ஏறிக்கொண்டாள். நாற்பது கிலோமீட்டரும் அவள் சந்தனமாரியின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனாள். அவ்வப்போது உள்ளங்கை ஓரத்தால் முழங்காலுக்குக் கீழே தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்த்தாள்; அந்த மருந்து அளவு கூடினால் முதலில் முழங்காலின் துள்ளல் போகும், பிறகுதான் மூச்சு போகும். முறிமருந்துக் குப்பி அவள் இடது கைக்குள்ளேயே இருந்தது. அதை ஒடிக்க வேண்டி வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது, மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம், வலிப்பு இருந்த நேரம், கடைசியாகப் பார்த்த அழுத்தம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை நிறுத்தி, ஒரு தடவை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அறுவைசிகிச்சையில் பெண் பிள்ளை பிறந்தது. ஒன்றேமுக்கால் கிலோ. சந்தனமாரி மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து மோர் கேட்டாள். கேட்ட பிறகு தானே சிரித்தாள். பிள்ளையைச் சட்டையில்லாத நெஞ்சோடு ஒட்ட வைத்துத் துணியால் கட்டிக்கொண்டால் அந்தச் சூட்டிலேயே அது தேறும் என்று அங்கே இருந்த நர்சுகள் சொன்னார்கள். சந்தனமாரி கட்டிக்கொண்டாள், அவள் களைத்தபோது இசக்கிராஜா கட்டிக்கொண்டான், உப்புக்காற்றில் வெடித்த நெஞ்சோடு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அவன் சாப்பிடப் போனால் உலகம்மாள். இருபத்தாறு நாளில் பிள்ளை இரண்டே கால் கிலோ வந்தது. வளைகாப்புக்கு வாங்கிய வளையலைத் தொட்டில் கயிற்றில் கட்டினார்கள்.

ஜெபக்கனி தன் தப்பிலிருந்து தொடங்கி நடந்ததை எழுதி வட்டார டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். டாக்டரம்மா படித்துவிட்டு, "உயிர் பிழைச்சாச்சே ஜெபக்கனி. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. இந்த முதல் பத்தி எழுத வேண்டாமே" என்றார். "அந்தப் பத்திக்காகத்தான் டாக்டர் எழுதினேன்" என்றாள் ஜெபக்கனி. டாக்டரம்மா இன்னொரு தடவை படித்தார். மறுவாரம் அந்த வட்டாரத்தில் எல்லா நிலையத்துக்கும் மாற்றுக் கருவி ஒன்று கூடுதலாக வந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியத்தைத்தான் ஊர் இன்றைக்கும் பேசுகிறது. அதற்குள் குரல் தங்கிப்போயிருந்த முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனாள். போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, தன் குரல் பேசும் வரை காத்திருந்தாள். பேசியதும் நோட்டில் எழுதிக்கொண்டாள். சரியாக இருந்தால் தலையசைத்துவிட்டு எழுந்தாள். ஒரு வீட்டில், ஒரு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன காய்ச்சல் மருந்தின் அளவையே நான்கு வயதான பிறகும் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர்ந்திருந்தது, சொல் வளரவில்லை. அங்கே உட்கார்ந்து பிள்ளையை எடை போட்டு, "முன்ன சொன்னது அப்பத்த எடைக்கு. இனிமே ஒவ்வொரு தடவையும் எடை பாத்துக் கேட்டுட்டுக் குடு" என்று புதிதாகச் சொன்னாள். எல்லா வீட்டையும் முடிக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

சந்தனமாரி வீட்டில் பழைய குரல் போகவில்லை. சொன்னது போகாது. ஆனால் யாராவது அங்கே தலை வலிக்கிறது என்றால், நிலைக்கு மேலேயிருந்து அந்தச் சிரித்த குரல் பேசி முடித்து, வார் மாட்டும் சத்தமும் அடங்கியதும், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, கீழே பாய் விரித்த இடத்திலிருந்து தணிந்த குரல் ஒன்று எழும்: "அது நான் சொன்னது. நான் சொன்னது தப்பு." ஒரு சொல் விடாமல், கடைசி வரைக்கும்.

அதைக் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து மாசமாய் இருந்த பெண்கள், அப்புறம் அவர்களுடைய மாமியார்கள், அப்புறம் பஸ் ஏறி வெளியூர்க்காரர்கள். தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து, இரண்டு தடவை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார். சரியானதைச் சொல்லும் சுவர்கள் ஊர் நிறைய இருந்தன. தப்பு என்னோடது என்று சொல்லும் சுவர் அந்த ஒன்றுதான். படித்தவர்களோ, சர்க்கார் ஆட்களோ அப்படிச் சொல்லி அவர்களில் பலர் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டவர்கள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே நடந்து சுகாதார நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உலகம்மாளும் தன் சுவருக்குப் போட்ட பூவை நிறுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் தெருவிலுள்ள கர்ப்பிணிகளைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருவது அவள் வேலையாயிற்று.

ஜெபக்கனி மட்டும் அந்த வீட்டைக் கடக்கும்போது மொபெட்டைக் கொஞ்சம் வேகமாகவே விடுவாள். மார்கழியில் ஒருநாள் முன்பகலில் அவளால் கடக்க முடியவில்லை. வாசலில் பத்துப் பதினைந்து பேர் பாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே யாரோ தலை வலிப்பதாகச் சொல்ல, எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் குரல் சிரித்தது. அவள் குரல் தப்பை ஒப்புக்கொண்டது. ஜெபக்கனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தின் ஓரத்தில், உப்பு மூட்டையில் சாய்ந்து நின்ற ஒரு வெளியூர்ப் பெண், வயிறு நிறைந்தவள், அவளை யாரென்று தெரியாமல் திரும்பிச் சொன்னாள்: "உள்ள போயிக் கேளுங்கக்கா. மனசுக்கு என்னமோ தைரியமா இருக்கு. அந்த நர்சு ரொம்பப் பெரிய மனுசி போல."

ஜெபக்கனி அவள் முகத்தைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், செருப்பு வார் பதிந்திருந்த காலைப் பார்த்தாள்.

"உனக்குப் பிரஷர் பாத்தாச்சா?"

"இல்லையேக்கா. நல்லாத்தான் இருக்கேன். ஏன், ஒண்ணுமில்லல்ல?"

ஜெபக்கனி பையைத் திறந்து கருவியை எடுத்து மொபெட் இருக்கையின் மேல் வைத்தாள். அந்தப் பெண்ணை மூட்டையின் மேல் உட்கார வைத்து, மூச்சு ஆறட்டும் என்று சற்றுநேரம் விட்டாள். பிறகு பட்டையைக் கையில் சுற்றி, காதில் குழாயை மாட்டி, காற்றை அடித்து, மெல்ல விட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ அவள் பேரைச் சொன்னார்கள். அந்தப் பெண் திடுக்கிட்டு எழப் போனாள். ஜெபக்கனி அவள் தோளை ஒரு கையால் அழுத்தி உட்கார வைத்தாள்.

முள் இறங்கி நின்று, எண்ணைப் பார்த்து முடிக்கும் வரை, அவள் வாயைத் திறக்கவே இல்லை.